பேய்ப் படத்தின் மேல் நான் போட்ட பழி

அன்பு மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன், அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நீ பெங்களூரிலிருந்து போன் செய்தாயே, அதிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். புது டாக்டர் உன்னிடம், சின்ன வயதில் ஃபேக்டரி புகை, கேஸ் இந்த மாதிரி எதிலாவது மாட்டினீர்களா என்று கேட்டாராம். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், எட்டு வயசுல ஒரு பேய்ப் படம் பாத்துப் பயந்துட்டேன், அன்னிலேர்ந்துதான் மூச்சு வாங்குது" என்று நீ சொன்னாயாம். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் இது மனசு சம்பந்தப்பட்டது என்று வேறொரு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். இதை நீயும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டாய். கடைசியில், "பாப்பாவும் இருட்டுன்னா அலறுறாப்பா, என் பயம் அவளுக்கும் வந்துடுச்சு" என்றாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

நீ டாக்டரிடம் சொன்னது உண்மை இல்லை. நீ பொய் சொல்லவில்லை, உனக்குச் சொல்லி வளர்த்ததே பொய். சொன்னவன் நான். இந்த ஒரு விஷயத்தை எழுதத்தான் இத்தனை தாள் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் என்னை உனக்குத் தெரியும், எதையும் நேராகச் சொல்ல வராது எனக்கு. சினிமாக் கதையில் ஆரம்பித்துத்தான் வீட்டுக் கதைக்கு வருவேன். இன்றைக்கு ஒரு தடவை அதைப் பொறுத்துக்கொள்.

வேலை ஓய்ந்ததிலிருந்து நான் பார்ப்பதெல்லாம் பேய்ப் படமும் கொலைத் தொடரும்தான். நீ வாங்கிக் கொடுத்த பெரிய டிவி முன்னால் மதியம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால், மாலை டீ வரும் வரைக்கும் நகர்வதில்லை. உன்னை ஒரு பேய்ப் படமும் பார்க்கவிடாத மனுஷன் இப்போது இப்படி உட்கார்ந்திருக்கிறானே என்று உனக்குத் தோன்றும். பார்த்துப் பார்த்து எனக்கென்று சில அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. பேய்ப் படத்தில் வருகிற ஆட்களுக்குப் புத்தி என்பதே கிடையாது. சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டியதுதானே? "யாரு, யாரு அது?" என்று கேட்டுக்கொண்டே அதை நோக்கிப் போவான். ஒருத்தனாவது விளக்கு ஸ்விட்சைப் போட மாட்டான். டப்பிங் படங்களில் நம் சாமியார்கள் வந்தால் எனக்கு இன்னும் சிரிப்பு. பேய் வந்த வீட்டுக்கு மழையில் நனைந்துகொண்டு சிலுவையோடு ஓடி வருகிறார்கள். நம் ஊரில் ஒரு வீடு மந்திரிக்க வேண்டும் என்றால் நாலு தடவை நடந்து, கோயில் உபதேசியார் கையைக் காலைப் பிடிக்க வேண்டும்.

கொலைத் தொடர்களைப் பற்றிக் கேட்டால் எட்டு பாகத்தில் ஐந்து பாகம் தண்டம் என்பேன். காணாமல் போன பெண்ணைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் மழையையே காட்டுகிறார்கள். நம் பக்கத்தைக் காட்டினால் கேட்கவே வேண்டாம். "இன்னா மாமே" என்று எவன் வாயைத் திறந்தாலும் அடுத்த காட்சியில் அவன் கையில் கத்தி இருக்கும். அறுபது வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், கருவாடு நறுக்கும் கத்தியைத் தவிர வேறு கத்தியை எவன் கையிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் உன் அம்மாவிடம் ஒரு திறமை இருக்கிறது. கொலைகாரன் யார் என்று இரண்டாவது பாகத்திலேயே சொல்லிவிடுவாள். "ரொம்ப நல்லவனா காட்டுறான் பாரு, எல்லாருக்கும் டீ போட்டுக் குட்க்குறான், அளுவுறவங்கள தட்டிக் குட்க்குறான். இவன்தான்யா" என்பாள். ஒரு தடவையும் தவறியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை இருபத்தாறு வருஷமாக அவள் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எந்தப் பேயும் சும்மா வருவதில்லை. இடைவேளை முடிந்ததும் ஒரு பழைய கதை வரும். யாரோ ஒரு வேலைக்காரனோ காவல்காரனோ செய்த தப்பு ஒன்று அதில் இருக்கும். அவனும் பெரிய வில்லனாக இருக்க மாட்டான், அந்த நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டவனாகத்தான் இருப்பான். அந்த இடம் வந்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இப்போது என் பழைய கதையைச் சொல்கிறேன்.

நீ மூன்றாவது படித்து முடித்த கோடை விடுமுறை. நான் கத்திவாக்கத்தில் கடலோரமாக இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தேன். குளோரின் வாயுவை உருளைகளில் நிரப்பி அனுப்புவதுதான் வேலை. கம்பெனிக்குக் கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை, பாதைக்கு அந்தப் பக்கம் நம் தெரு. உருளை நிரப்பி முடிந்ததும் குழாயில் கொஞ்சம் வாயு மீதி இருக்கும். அதைக் காஸ்டிக் சோடா கரைத்த தொட்டிக்குள் விட்டுக் கொல்ல வேண்டும், அதுதான் முறை. தொட்டித் தண்ணீர் வீரியம் போய்ச் செத்துப்போனால் புதிதாகக் கரைக்க வேண்டும், அது அரை நாள் வேலை. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். அந்த நேரம் பார்த்து மேல் வால்வைத் திறந்தால் மீதி வாயு கடல் பக்கம் போய்விடும். எழுதாத சட்டம் அது. கூரைமேல் கம்பத்தில் ஒரு பழைய லுங்கித் துணியைக் கட்டியிருந்தோம், கொடி என்போம். கொடி கடலைப் பார்த்துப் பறந்தால் திறக்கலாம். மதியம் கடல்காற்று திரும்பிவிட்டால் வால்வைத் தொடக் கூடாது. தெரு எங்கள் தெரு, பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள், அதனால் யாரும் அதில் விளையாட மாட்டோம்.

அன்றைக்கு என் முறை. காலை பத்துக்குள் முடித்திருக்க வேண்டும். முந்தின நாள் ஒரு கொலைப் படம் பார்த்துவிட்டு வந்திருந்தேன். படம் பார்த்தால் டீ நேரத்தில் காட்சி காட்சியாகக் கதை சொல்வது என் வழக்கம், எங்கள் ஷிஃப்டில் அதற்காகவே எனக்குத் தனி மரியாதை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "அப்பால இன்னா ஆச்சு? யார்தான் மாமே கொலகாரன்?" என்று ஒருத்தன் நச்சரித்தான். "இர்றா, இன்னும் கொஞ்சம் கீது" என்று நான் இழுத்தேன். இல்லாத காட்சிகளைக்கூடச் சேர்த்துச் சொன்னேன். சொல்லி முடித்து வால்வுக்குப் போனபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. அண்ணாந்து கொடியைப் பார்த்தேன். அது எந்தப் பக்கமும் பறக்காமல் கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. தரைப்பக்கத்து மேல்காற்று நின்று கடல்காற்று வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். கடலோரத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? எனக்குத் தெரியும். ஆனாலும் அஞ்சு நிமிஷம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று திறந்தேன். திறந்து கொஞ்ச நேரத்தில் என் முதுகில் சில்லென்று காற்று பட்டது. கொடி நம் தெருவைப் பார்த்துப் பறந்தது. மூடினேன். போனது போய்விட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். குளோரின் காற்றைவிடக் கனம், தரையோடுதான் வரும். மாட்டிக்கொண்டால் படுக்கக் கூடாது, உயரமான இடத்துக்கு ஏற வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளிலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம். வீட்டுக்குள் நுழைந்தால் நீ தரையில் பாயில் கிடக்கிறாய். டிவியில் ஒரு பேய்ப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. கன்னத்தில் கை வைத்துக் குப்புறப் படுத்து டிவி பார்ப்பது உன் பழக்கம், அப்படியே கிடந்து அத்தனையையும் சுவாசித்திருக்கிறாய். இருமியதும் அம்மா உன்னைப் புரட்டிப் படுக்கவைத்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன்னைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஓடினேன், அம்மாவும் பின்னாலேயே ஓடி வந்தாள். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலே வந்து, "கார்ப்பரேசன்காரன் பிளீச்சிங் பவுடர கொட்டிட்டுப் பூட்டானா, கண்ணு எரியுதே. இன்னா ஆச்சு புள்ளைக்கு?" என்று கேட்டாள். என் வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. "பேய்ப் படம் பாத்துப் பயந்துட்டான்க்கா" என்றேன்.

அன்றைக்கு மாலை சூப்பர்வைசர் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். மீதி வாயுவைத் தொட்டிக்குள் விட்ட நேரம் காலை ஒன்பதரை என்று என் கையாலேயே எழுதினேன். தெருவில் இன்னும் சிலருக்கு இருமல் இருந்தது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. உனக்குச் சரியாகவில்லை. தர்ம ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார், அவரிடமும் படத்தைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அவர் வேறு வைத்தியம் பார்த்திருப்பார். முதலில் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்தக் கம்பெனி ஐந்தாறு வருஷத்தில் மூடிப்போனது, இப்போது அங்கே கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். வேலைக்கு இனி ஆபத்தில்லை என்றான பிறகு உன் அம்மாவுக்குப் பயந்தேன். நீ வளர்ந்த பிறகு உனக்குப் பயந்தேன்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் சாமியாரைத் தலையில் கை வைத்துச் செபிக்கச் சொன்னேன். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று தர்காவிலும் மந்திரித்துக் கயிறு கட்டினேன். வீட்டில் பேய்ப் படத்துக்குத் தடை போட்டேன். விளையாடும்போது உனக்கு மூச்சு வாங்கினால் பையன்கள் "பயந்தாங்கொள்ளி" என்று கத்துவார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். காலேஜ் படிக்கும்போது தோஸ்துகளோடு பேய்ப் படம் போய், பாதியில் இளைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஏசி குளிர் உன் நெஞ்சுக்கு ஆகவில்லை. "நாந்தான் சொன்னேனே, உனுக்கு அதெல்லாம் ஆகாது" என்றேன். தீயணைப்புப் படைக்கு மனு போட நீ ஆசைப்பட்டபோது நான் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கேவலம். "அதுக்கெல்லாம் நெஞ்சுல தில்லு வேணும்டா" என்றேன். உடல் தேர்வில் உன் நுரையீரலைப் பார்த்துவிட்டு, இது எப்படி வந்தது என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்று பயந்து சொன்னது அது. நீ அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டாய். வருஷா வருஷம் தபசு காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லிவிட்டு, இதைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வருவேன்.

உன் கல்யாணத்தன்று மருமகளிடம் நீ பெருமையாகச் சொன்னாய்: "நான் பயந்துகினு கெடந்தப்போ அப்பா என்னத் தூக்கிகினு மாடிக்கு ஓடுனாரு." அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பயந்த பிள்ளையை எவனாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவானா என்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் பிரியாணி இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து நான் பேய்ப் படங்களாகப் பார்த்துத் தள்ளியதற்குக் காரணம் இதுதான். அன்றைக்கு டிவியில் ஓடிய படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாது, ஒரு மாட்டு வண்டியும் பாழடைந்த பங்களாவும் மட்டும் ஞாபகம். அந்தப் படம் உண்மையிலேயே பயங்கரமாக இருந்துவிட்டால், என் பொய்யில் கால் பங்காவது உண்மை இருந்ததாகிவிடும் என்று ஒரு நப்பாசை. இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு சேனலில் அது வந்துவிட்டது. வண்டியைப் பார்த்ததும் அதுதான் என்று தெரிந்துவிட்டது. பார்த்தேன். மகனே, அது குழந்தைகூடப் பயப்படாத படம். பேய்க்கு வெள்ளைப் புடவை, சாம்பிராணிப் புகை, புகையில் அதுவே இரண்டு தடவை தும்மும் போலிருந்தது. அது லாந்தர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தபோது, பின்னால் நின்றிருந்த அம்மா திடீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"இந்த எடத்துலதான்யா. கையப் பாரு. 'ம்மா, பேயி வாட்ச் கட்டிகீதும்மா'ன்னு வுழுந்து வுழுந்து சிரிச்சான் என் புள்ள. நானும் வந்து பாத்தேன். அப்பாலதான் இருமல் வந்துச்சு."

விளக்குப் பிடித்த கையில் வாட்ச் இருந்தது. நடிகை கழற்ற மறந்திருக்கிறாள், எடுத்தவர்களும் பார்க்கவில்லை. "அவன் பயப்படலன்னு நீ ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்போ மொளகா வறுத்துகினு இருந்தேன்யா. அந்த நெடிதான் புள்ள நெஞ்சப் புடிச்சிகிச்சின்னு நெனச்சேன். நீ படத்த சொன்ன, நானும் வாய மூடிகினேன். இத்தினி வருசமா அத்த நெனச்சிகினுதான் கீறேன்" என்றாள். நீ வீட்டில் இருக்கும்போது அவள் ஏன் மிளகாய் வறுத்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் செய்த தப்பை அவள் தன் தப்பாக நினைத்துச் சுமந்திருக்கிறாள். டிவியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

இரண்டு நாள் அவள் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. இன்று காலை வந்து, "போன்ல சொல்லாத. பாதியில அளுதுடுவ, அவனும் போனா போவுதுப்பான்னு வுட்டுடுவான். எழுது. டாக்டர் கையில குட்க்க ஒரு தாளு வேணும்" என்றாள். அவள் சொன்னதைத்தான் செய்கிறேன்.

ஆகவே இதை டாக்டரிடம் காட்டு. எட்டு வயதில், மே மாதம், மதியம் பன்னிரண்டு மணிவாக்கில், தரையில் படுத்திருந்தபோது குளோரின் வாயுவைச் சுவாசித்தேன் என்று சொல். அதற்கு முன்னால் உனக்கு ஒரு நாளும் இளைப்பு வந்ததில்லை. அவருக்குச் சந்தேகம் இருந்தால் நானே வந்து சொல்கிறேன், துணியெல்லாம் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். நீ வர வேண்டாம் என்று சொன்னால் வரமாட்டேன். என்னை மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதை நீயாக, உனக்குத் தோன்றும்போது, தோன்றினால் பார்த்துக்கொள். தீயணைப்புப் படைக்கு எழுதிய மனு இன்னும் உன் பழைய பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தேன், பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

பாப்பாவுக்கு உன் பயம் வந்துவிட்டது என்றாயே, உன்னிடம் ஏது பயம், அவளுக்குக் கொடுக்க? நாலு வயசுக் குழந்தை இருட்டில் அழும், விளக்கைப் போட்டால் சரியாகிவிடும். வீட்டில் பயந்தவன் நான் ஒருத்தன்தான். நீ எட்டு வயதில் அத்தனை பெரிய பேயின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தவன், வாட்சைக் கண்டுபிடித்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தவன். பாப்பாவிடம் அதைச் சொல்.

உன் அப்பா